மாப்பிள்ளையும் பொய் ஈயும்

கே: அமெரிக்காவிலிருந்து வந்த மாப்பிள்ளை, காற்றடைத்த கயாக்கில் எங்கள் கண்மாயில் இறங்கி, இறகால் கட்டிய பொய் ஈயைத் தூண்டிலில் மாட்டிக் காலை முழுக்க வீசினார். ஒரு கெண்டைகூடச் சிக்கவில்லை. கோளாறு எங்கே?
(ஒரு மாமனார், தேவகோட்டை)

ப: மீனிடம் இல்லை. அந்த வித்தை, குளிர்ந்த ஓடைகளில் பூச்சி பிடித்துத் தின்னும் டிரௌட்டுக்குப் பிறந்தது. அதற்காகவே வெள்ளைக்காரர்கள் 1907-ல் நீலகிரி அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். நம் கண்மாய்களில் விடுவதோ கட்லா, ரோகு, மிர்கால். கட்லா மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடிச்சேற்றைத் துழாவும். இறகை யார் சீந்துவார்? போதாக்குறைக்கு, கெண்டை இனத்துக்குக் காது ரொம்பக் கூர்மை. துடுப்புச் சத்தத்திலேயே ஒதுங்கியிருக்கும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உருட்டி, தக்கையைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்திருக்கும் பையனைக் கேட்டிருக்கலாம். (கயாக் வாங்கிய காசுக்கு எத்தனை மூட்டை புண்ணாக்கு!)

மாப்பிள்ளையைக் கோடைவரை நிறுத்தி வையுங்கள். நீர் வற்றியதும் உங்கள் சிவகங்கைச் சீமையில் மீன்பிடித் திருவிழா. பெரியவர்கள் வெள்ளைத்துண்டை வீசியதும் ஊத்தாக் கூடையோடு இறங்கட்டும். அதுவரை, கண்மாயை மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூண்டில் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.