இருநூறு லிட்டர் பேஸ்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-லிருந்து பிரஸ் மெஷின் அதிர்வில் வளர்ந்தது. அங்கே போய், பேஸ் கிட்டாரைப் பிக்கால் வெளுத்து வாங்குகிற பையனுக்கு எந்த ஸ்பீக்கர் பெட்டி தோது என்று விவாதிப்பது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

பையனின் கனவு, ஆம்பெக் கம்பெனி 1969-ல் கொண்டுவந்த மூடிய பெட்டி: பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு, எடை அறுபது கிலோவுக்கு மேல். செல்லப்பெயர் ‘பிரிட்ஜ்’. அடைபட்ட காற்று கோனைச் சட்டென்று இழுத்துப் பிடிப்பதால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். துளை வைத்த ஒற்றைப் பதினைந்து அங்குலப் பெட்டி பெரும்பாலும் ஆழமாக முழங்கும். வேகமாகத் தட்டிப் பிடுங்கினாலோ, ஒரு சுரம் கிளம்புமுன் அடுத்தது ஏறிக்கொள்ளும், ஷேர் ஆட்டோ மாதிரி.

இதில் ஒரு சின்ன மோசடி. தடித்த கம்பியின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் அதை முழுசாகத் தராது. 82-ஐ ஓங்கிக் கொடுத்துக் காதை நம்பவைத்துவிடும்.

பெட்டி எதுவானாலும், குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் அனுமதிப்பது பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆடி மாதம் கூழ் வார்க்கிற அன்று தெருமுனையில் அடுக்கும் பதினெட்டு அங்குலப் பெட்டிகளுக்கு இந்தக் கணக்கை யாரும் சொன்னதில்லை.

குட்டி யானையிலிருந்து பெட்டியை இறக்கி, ஆவடியில் இரண்டாம் மாடிக்கு நாலு பேர் தூக்கினோம். கீழ்வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார்.

“எத்தினி லிட்டர்ப்பா?”