அல்லேரி மலைக்கு ஒரு விமானத் தடம்

பெறுநர்: சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், புதுதில்லி.
பொருள்: ஜவ்வாது மலையின் அல்லேரியை உடான் திட்டத்தில் சேர்க்கக் கோருவது.

ஐயா,

சாலை கேட்க வேண்டியவன் விமானத் துறைக்கு ஏன் எழுதுகிறான் என்று புருவம் உயர்த்த வேண்டாம். தூரத்தை நேரத்தால் அளக்கத் தெரிந்த துறை உங்களுடையதுதான். 2016-ல் சிறு ஊர்களுக்கும் மலிவாக விமானம் விட உடான் திட்டத்தை வகுத்தபோது, சுமார் 500 கி.மீ., அதாவது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு என்று, கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே நேரத்தையும் எழுதினீர்கள். உலகெங்கும் உங்கள் தொழிலின் வழக்கம் அது. ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் லிஸ்பன், வடகிழக்கில் ஹெல்சிங்கி; இடையே 3,300 கி.மீ.க்கு மேல். ஐந்து மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். திரும்பும்போது மேலைக்காற்று எதிர்ப்படும் என்பதால் கால அட்டவணையில் நேரத்தைக் கொஞ்சம் கூட்டியே போடுகிறார்கள். அங்கே காற்றுக்குக்கூடக் கணக்கு உண்டு. ஜவ்வாது மலையிலோ மழைக்கும் ஏற்றத்துக்கும் எந்தக் கோப்பிலும் இடமில்லை.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், மேலே சாலை இல்லாததால், பாதி வழியில் இறக்கிவிட்டது. அதற்கு மேல் தாய் பிள்ளையைக் கையில் ஏந்தி நடந்தாள். விஷமுறிவு மருந்து எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆள் சேர்த்து, டோலி கட்டி, சரிவில் இறங்கி எத்தனை மணிக்கு அது உடம்பில் ஏறும் என்பதுதான் கேள்வி.

காட்டுக்குள் சாலை போட்டால் காடு என்னாவது என்று வனத்துறை கேட்கும். நியாயமான கேள்விதான், செய்யாறு பிறப்பதே இந்த மலையில். ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால், சாலை போன்ற வசதிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. மூன்று மீட்டர் அகலப் பாதை என்றால் அந்த அளவுக்குள் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் போய்விடலாம். தவிர, இதே மலையில் காவலூரில் 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்தோமே, அதன் கண்ணாடி என்ன டோலியிலா போனது?

நாலு வீட்டுக்காக இவ்வளவு செலவா என்பது நிதித் துறையின் கேள்வி. அதற்கும் விடை உங்களிடமே இருக்கிறது. கட்டுப்படியாகாத தடங்களில் பறக்கும் விமான நிறுவனங்களுக்கு உடான் திட்டத்தில் நஷ்டஈட்டு நிதி தருகிறீர்கள். விமானத்துக்குப் பொருந்தும் பொருளாதாரம், நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்புக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

ஆகவே அல்லேரியை உடான் தடமாக அறிவிக்க வேண்டுகிறேன். விமானம் வராவிட்டால் குற்றமில்லை. உங்கள் வழக்கப்படி ஒரு நேரப் பலகை மட்டும் வையுங்கள். 'ஆஸ்பத்திரி: கோடையில் இத்தனை மணி, மழையில் இத்தனை மணி.' அந்த எண்ணை எழுத அதிகாரி யாராவது ஒருமுறை நடந்து பார்த்தாக வேண்டும். ஹவாய் செருப்பு போட்டவரும் விமானம் ஏற வேண்டும் என்று 2017-ல் பிரதமர் விரும்பினார். இங்குள்ள சரளையில் ஹவாய் செருப்புக்கு வார் தங்காது. அதிகாரிகள் பூட்ஸ் போட்டே வரலாம்.

நகல்: வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை – வழக்கம்போல் தகவலுக்காக.