பால்மரத்துக்குள் ஒரு பங்களா

1025-ஆம் ஆண்டு ராஜேந்திர சோழன் கப்பற்படையோடு வந்து கடாரம் கொண்டான். அந்தக் கடாரம்தான் மலேசியாவிலுள்ள எங்கள் கெடா. ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டு கழித்து, அவன் குடிமக்களின் பேரன் பேத்திகள் அதே ஊருக்குத் திரும்பி வந்தார்கள். இம்முறை கொண்டது கடாரம் இல்லை, வாளி. அதுவும் தோட்டத்து வாளி; தொலைத்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஹென்றி விக்கம் என்ற வெள்ளைக்காரர். 1876-இல் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளைக் கிளப்பிக்கொண்டு போய் லண்டன் கியூ தோட்டத்தில் இறக்கினார். மறு ஆண்டு இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. விக்கமுக்குப் பின்னாளில் ‘சர்’ பட்டம் கிடைத்தது. தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஆள் ஒருவன் ஒரு துண்டு ஒட்டுப்பாலை வேட்டி மடிப்பில் வைத்திருந்தால் கிடைத்தது வேறு.

1909-இல் சயாம் அரசு கெடாவின் மேலாதிக்கத்தை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது. கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி என்று காடு கரைந்து நிரை நிரையாகப் பால்மரம் எழுந்தது. பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு ஹார்வர்டு என்று பெயர். அங்கே தமிழ்ப் பள்ளியும் உண்டு. ஆகவே எங்கள் மாநிலத்தில் ஹார்வர்டில் படித்தவர்கள் ஏராளம்.

விக்கம் கிளப்பியது விதை என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் அது ஓர் ஏடு. ஒவ்வொரு விதைக்குள்ளும், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்ற பேரேடு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்திருந்தால் வெள்ளைக்காரருக்கே வெட்கமாக இருந்திருக்கும். தோட்ட நிர்வாகத்தைத் தாங்கள் கண்டுபிடித்ததாக அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பால்மரமோ அதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருந்தது.

பாருங்கள். செல்லுக்குள்ளே உட்கரு. அது வெள்ளைக்காரத் துரை குடியிருக்கும் மேட்டுப் பங்களா. உள்ளே பேரேடு. நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. இதை வைத்தே மொத்தக் கணக்கும். ஏடு பங்களாவை விட்டு வெளியே வராது. வேண்டிய பக்கத்தை மட்டும் கணக்கெழுதும் கிராணி ஒரு துண்டுச் சீட்டில் படியெடுப்பார். அந்தச் சீட்டுதான் தூது ஆர்என்ஏ. கிராணி கையெழுத்தில் ஒரே கோளாறு, ‘டி’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘யு’ போடுவார். யாரும் கேட்பதில்லை.

சீட்டு நேராக ஆட்களை மேய்க்கும் கங்காணி கைக்குப் போகும். கங்காணியின் அறிவியல் பெயர் ரைபோசோம். அவருக்கு ஒரே மூச்சில் மூன்று எழுத்துக்கு மேல் படிக்க வராது. ‘ஏயுஜி’ என்று கண்டால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு தொடங்கிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு அமினோ அமிலத்தைக் கூப்பிட்டு வரிசையில் கோப்பார். ஆட்கள் இருபது வகை. கொண்டுவந்து இறக்குவது டிஆர்என்ஏ என்ற கப்பல். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த ‘ரஜூலா’ ஆயிரக்கணக்கில் அடைத்துக்கொண்டு வரும். டிஆர்என்ஏ நடைக்கு ஒரே ஆளைத்தான் ஏற்றும். செல்லுக்குள் பயணிகள் வசதி மேல். ‘யுஏஏ’, ‘யுஏஜி’, ‘யுஜிஏ’, இந்த மூன்றில் ஒன்று வந்தால் சங்கு ஊதிவிட்டது; வேலை முடிந்தது. கோத்த தொடர் தானே மடங்கி ஒரு வடிவம் எடுத்து வேலைக்குக் கிளம்பும். அதுதான் புரதம். எங்கள் பாஷையில் பால்வெட்டுக்காரர்.

இந்தக் கங்காணியின் முகத்தை அணு அணுவாகப் பார்த்துச் சொன்னதற்காக 2009-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். கங்காணியை அடையாளம் காட்ட ஒரு தமிழர் வேண்டியிருந்ததில் லயத்து மக்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று. பேரேட்டில் ரப்பருக்குச் செய்முறையே கிடையாது. தேடிப் பார்த்தாலும் புரதத்துக்கான குறிப்புதான் இருக்கும். அந்தப் புரதங்கள்தான் ஐசோப்ரீன் துண்டுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து ரப்பராக நீட்டுகின்றன. துரை வாழ்நாளில் ஒரு மரம்கூட வெட்டியதில்லை என்பதை இவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்ல அறிவியலால் மட்டுமே முடியும்.

இனி வாளிக்கு வருவோம். விடியற்காலை உளி பட்டதும் வழிகிறதே பால், அது மரத்தின் சாறும் அல்ல, இரத்தமும் அல்ல. பால்குழாய்ச் செல்களின் உள்ளடக்கமே அப்படி வெளியே கொட்டுகிறது. ரப்பர் துகளோடு சீட்டும் போகும், கங்காணியும் போவார், வெட்டுக்காரரும் போவார். உட்கரு மட்டும் செல்சுவரோரம் ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினாலும் மரம் தாங்குகிறது. ஏடு பத்திரமாக இருக்க, புதுச் சீட்டு, புதுக் கங்காணி, புது வெட்டுக்காரர் என்று எல்லாம் முதலிலிருந்து.

மரத்தில் எல்லோரும் போனாலும் துரை தங்குகிறார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ஜித்ராவைத் தாண்டி இறங்கியபோது கெடாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. முதலில் காலியானது பங்களா.

மரமும் சும்மா கொடுப்பதில்லை. வெட்டிய கொஞ்ச நேரத்தில் ஹெவின் என்ற புரதம் ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை அடைக்கும். நாற்பத்து மூன்று அமினோ அமிலம் கொண்ட பொடியன். மரத்தின் கணக்கில் அது தற்காப்பு. தோட்டத்தின் கணக்கில் வேலைநிறுத்தம். அதை முறிக்க எத்திபான் என்ற மருந்தைப் பட்டையில் தடவினார்கள். பால் நிற்காமல் ஓடியது. ஹெவின் விடவில்லை. பாலோடு கையுறைக்குள் ஏறி உட்கார்ந்து, கடல் கடந்து, மேல்நாட்டு மருத்துவமனைகளில் தாதியர் கைகளைத் தடிக்க வைத்தது.

துரைமார் ஒட்டுக்கட்டவும் பழகியிருந்தார்கள். நல்ல மரத்தின் மொட்டை எடுத்து வேறு கன்றில் வைத்தால் மேலே முளைப்பதெல்லாம் அதே மரம். ‘ஆர்ஆர்ஐஎம் 600’ என்ற ரகம் அப்படித்தான் தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஆயிரம் ஏக்கர், ஒரே ஏடு. அந்த ஏட்டின் முதல் வரைவை 2013-இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கணினி கணித்த மரபணுக்கள் 68,955. மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணு சுமார் இருபதாயிரம்தான். யார் யாரை வெட்டுவது என்று மரம் கேட்காமல் இருப்பது அதன் பெருந்தன்மை.

1957 செப்டம்பரில், எங்களுக்கு மெர்டேக்கா என்ற விடுதலை கிடைத்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், பிரான்சிஸ் கிரிக் என்ற அறிவியலாளர் லண்டனில் எழுந்து நின்று ஒரு சட்டம் சொன்னார். ஏட்டிலிருந்து சீட்டு, சீட்டிலிருந்து புரதம். புரதத்துக்குள் போன செய்தி திரும்பி வராது. இதற்கு ‘மையக் கோட்பாடு’ என்று, சமயக் கட்டளையைக் குறிக்கும் சொல்லால் பெயர் வைத்தார். அந்தச் சொல்லுக்குச் சரியான பொருள் தெரியாமல் வைத்துவிட்டதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். எந்தத் தோட்டத்துக் கிராணியைக் கேட்டிருந்தாலும் பொருள் சொல்லியிருப்பார்: மேலிருந்து கீழே உத்தரவு வரும், கீழிருந்து மேலே ஒன்றும் போகாது.

1947-இல் ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை, கள்ளுக்கடையை மூடு என்று கீழிருந்து மேலே ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தது. மேலிருந்து போலீஸ் வந்தது. கோட்பாடு அப்போதைக்கு நிலைத்து நின்றது.

1970-இல் டெமின், பால்டிமோர் என்ற அறிவியலாளர்கள் ஒரு குறும்பைக் கண்டார்கள். சில வைரஸ்களில் ஆர்என்ஏ சீட்டே பங்களாவுக்குள் நுழைந்து தன்னைப் பேரேட்டில் எழுதிக்கொள்கிறது! உலகமே திகைத்தது. ஆனாலும் கிரிக்கின் கோட்டை முழுதாக இடியவில்லை. சீட்டு ஏறலாம், புரதம் ஏட்டில் எழுத முடியாது. இன்றுவரை எந்த உயிரிலும் அப்படி நடந்ததாகச் சான்றில்லை.

உயிரியலில் நடக்கவில்லை, சரி. 1960-இல், வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டுக்காரர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டார்கள். சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டங்களில் ஒன்று கெடாவில், புக்கிட் சிடிம். மறுநாளும் ஐந்து மணிக்கு அதே பெரட்டு, அதே உளி, அதே வாளி. உரிமையாளர் என்ற இடத்தில் மட்டும் பேரேட்டில் கையெழுத்து மாறியிருந்தது.