விளம்பரத்தை விரட்டும் கூலி

2024 ஜனவரி 29 அன்று அமெரிக்காவில் அமேசான் பிரைம் வீடியோவுக்குள் விளம்பரம் நுழைந்தது. ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். வேண்டாமென்றால் மாதம் 2.99 டாலர் கூடுதல் என்றார்கள் அப்போது. அதாவது, நேற்று வரை நம்மிடம் இருந்ததையே இன்று முதல் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் வசதி.

இந்தியாவுக்கு அந்த நல்ல காலம் 2025 ஜூனில் பிறந்தது: மாதம் 129 ரூபாய், ஆண்டுக்கு 699. 2016-இல் பிரைம் இங்கே கடை விரித்தபோது அறிமுகச் சலுகையில் மொத்தச் சந்தாவே ஆண்டுக்கு 499 ரூபாய்தான். இப்போது விளம்பரத்தை விரட்டும் கூலி மட்டுமே அதைத் தாண்டிவிட்டது.

தொலைக்காட்சியைவிடக் குறைவாகவே விளம்பரம் போடுவோம் என்று உறுதிமொழி வேறு. கேபிள் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தவரிடம் இதைச் சொல்வதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். ஒப்பந்தத்திலோ சலுகைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டியது நம் விரல்.

அமெரிக்காவில் சந்தாதாரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். விலை ஏறவில்லை, சலுகைதான் மாறியது என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். என் வீட்டு உரிமையாளர் கண்ணில் மட்டும் அந்தத் தீர்ப்பு படாமலிருக்க வேண்டும். மனிதர் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டு, “வாடகை ஏத்தலையே சார்” என்பார்.