ஹாரனில் சங்கீதம்

கேள்வி: மோட்டார் ஹாரன்களின் இரைச்சலைக் குறைத்து, புல்லாங்குழல், தபலா முதலிய வாத்தியங்களின் நாதத்தை அவற்றில் அமைக்கலாம் என்கிறார்களே, நடக்குமா?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: 2021-இல் மத்திய மந்திரி நிதின் கட்கரி வெளியிட்ட அந்த யோசனை ரசிகத்தன்மை மிக்கதுதான் என்றாலும், ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு ஸ்வரங்களை எழுப்பும் ஹாரன் கூடாதென்று மத்திய மோட்டார் வாகன விதி 119 ஏற்கெனவே ஆக்ஞை பிறப்பித்திருப்பதால், அந்தப் புல்லாங்குழல் பாவம், ஒற்றை ஸ்வரத்தையே ஆயுள் பரியந்தம் ஊதிக்கொண்டிருக்க வேண்டிவரும். சப்தத்தைக் குறைப்பதிலும் ஒரு விசித்திரம் உண்டு: 10 டெசிபல் இறக்கினால் ஒலியின் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும்; நம் செவிக்கோ ஏறக்குறைய பாதிதான் குறைந்ததாகத் தோன்றும். குறைந்த பாதியை ஈடுசெய்ய நம் சாரதி இருமுறை அழுத்துவார் என்பதற்கு எந்த விதியில் இடம் ஒதுக்குவது?