‘கண்ட்ரி’ என்னும் அடைமொழி: தாம்பரத்துக் கதவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் வட்டாரத்து அடுக்குமாடிப் புரோஷர்களில் ‘கண்ட்ரி வுட்’ என்றொரு தொடர் பயின்று வருகிறது. இதில் ‘வுட்’ பற்றி ஐயமில்லை. ‘கண்ட்ரி’தான் சிக்கல்.

யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதற்குப் பொருள் தருகிறது: சீமைச் சரக்கு அல்லாத உள்ளூர்ச் சரக்கு, லேசாக இளக்காரமும் உண்டு. ‘டீக்’ என்பதே நம் தேக்கு, போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து வந்தது என்பதும் அதே அகராதிதான். ஆனாலும் மரவாடியில் வேம்பும் வாகையும்தான் கண்ட்ரி. தேக்குக்கு பர்மா என்று முன்னொட்டு விழுந்தால் கடைக்காரரே எழுந்து நிற்பார்.

கண்ட்ரி சரக்கு: இரவுநேர ஆய்வுக்குரியது.

கண்ட்ரி புரூட்: வசவு.

கோழிக்கு முன் ‘நாட்டு’ வந்தால் விலை ஏறுகிறது, மரத்துக்கு முன் வந்தால் இறங்குகிறது. இலக்கணிகள் இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இனி உரைச்சிக்கல். ‘தேக்குக் கதவுகள்’ என்கிறது புரோஷர் (பக்கம் 1, புல்வெளிப் படத்துக்கு மேல்). ‘தலைவாசல் மட்டும் தேக்கு, மற்றவை கண்ட்ரி வுட் நிலை, ஃப்ளஷ் டோர்’ என்கிறது அதே புரோஷர் (கடைசிப் பக்கம், நட்சத்திரக் குறிக்குக் கீழ், எறும்பளவு எழுத்து, பூதக்கண்ணாடிப் பதிப்பு). முரண் என்று பாமரர் கொதிப்பர். நச்சினார்க்கினியரைப் படித்தவர் கொதிக்க மாட்டார். எங்கோ கிடக்கும் இரண்டு அடிகளை ‘மாட்டு’ என்று இழுத்துக் கட்டிப் பொருள் சொன்னவர் அவர். பில்டர் அலுவலக மேனேஜரும் அதையேதான் செய்தார், அதுவும் காபி கொடுத்து. பல்கலைக்கழகத்தில் இருந்திருந்தால் இந்நேரம் துறைத்தலைவர் ஆகியிருப்பார்.

நிற்க, ஃப்ளஷ் டோர் மரமா? இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 2202 மரக்கதவு என்றே வகைப்படுத்துகிறது. தொல்காப்பியரைக் கலந்துகொண்டதாகக் குறிப்பில்லை. அவருடைய மரபியல் தெளிவாகச் சொல்கிறது: உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல். பனை புல்லானது அப்படித்தான். ஃப்ளஷ் டோருக்கு இரு முகத்திலும் பிளைவுட் தகடு, அதன்மேல் மைக்கா, நடுவில் பசை போட்டு அடுக்கிய மெத்து மரத்துண்டுகள். விரலால் தட்டினால் ‘டொப்’ என்னும் (ஆசாரி வாய்மொழி மரபு, ஓலைச்சுவடி கிடைக்கவில்லை, பில்லும் கிடைக்கவில்லை, ஜிஎஸ்டி இல்லாவிட்டால் பாடபேதம் உண்டு). 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூருக்குள் வந்தது. அப்படித் தண்ணீரில் நின்ற ஃப்ளஷ் டோரில் அடிவிளிம்பில் பசை விட்டு, தகடு உப்பி, உள்ளேயிருக்கும் துண்டுகள் வெளியே எட்டிப் பார்க்கும். அகத்தில் வைரமில்லை என்பதற்கு இதைவிட என்ன அகச்சான்று வேண்டும்? இளக்காரப்பட்ட வேப்பமர நிலையோ ஊறி இறுகி, தை வெயிலில் காய்ந்து, மறுபடி கதவை விடும்.

ஆகவே பெட்ரூமில் தொங்குவது புல். புரோஷரில் காட்டிய புல்வெளி எங்கே என்று அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள், வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை, தாழ்ப்பாளோடு அது ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்பதை அறிக.