பாண்டிச்சேரிக்குக் கிளம்பிய வேண்டுதல்

அம்பத்தூரில் பிறந்த சைக்கிள்கள், அம்பத்தூரில் பிறந்த பிள்ளைகளைவிட அதிகமாகவே இருக்கும். 1949-இல் தொடங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் இங்கிருந்துதான் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் நாடு முழுக்க அனுப்பியது. டயருக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை, டன்லப்பும் இங்கேயே இருந்தது. டி.ஐ. சைக்கிள், டன்லப் இரண்டும் இன்றைக்கும் பஸ் ஏறுகிறவர்கள் சொல்லும் ஸ்டாப் பெயர்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஐம்பதைத் தாண்டியவன் சைக்கிளில் போனால், எதிரில் வருகிறவர் முதலில் கேட்பது, "வண்டி சர்வீஸ் விட்டிருக்கீங்களா?" இரண்டாவது, குரலைத் தாழ்த்தி, "டாக்டர் சொன்னாரா?" மூன்றாவதை நம்மிடம் கேட்கமாட்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வார்: "டியூ கட்டலைபோல, வண்டியைத் தூக்கிட்டானுங்க."

ஆசைக்காக ஓட்டுகிறோம் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

கூட ஓட்டும் நண்பன் ஆவடிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தே வயதைக் கழித்தவன். கம்பியை விரலால் சுண்டுவான், எழும் சத்தத்தை வைத்து எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். சைக்கிளிலேயே பாண்டிச்சேரி போகலாம் என்றது அவன் யோசனைதான். "பாண்டிச்சேரிக்கா?" என்று என் மனைவி இழுத்த இழுப்பில் சைக்கிளைப் பற்றிய கவலை துளியும் இல்லை.

மேற்குப் புறநகர்க்காரனுக்குக் கடற்கரைப் பயணத்தில் முதல் சிக்கலே கடற்கரைதான். திருவேற்காடு, பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர், பல்லாவரம், துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று பாதி ஊரைச் சுற்றி, அக்கரையில் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் கடலோரம் ஓட்டிக் களைப்பார்கள். நாங்கள் களைத்த பிறகு கடலோரம் வந்து சேர்ந்தோம். வழியில் கருமாரியம்மன், காமாட்சி, குன்றத்தூர் முருகன் என்று மூன்று இடத்தில் நண்பன் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். குன்றத்தூரில் கும்பிட்டு முடித்த பிறகும் ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தே நின்றான். அப்போதுதான் விஷயம் மூச்சு சம்பந்தப்பட்டது என்று புரிந்தது.

ஈ.சி.ஆரில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்பது வேறு உலகம். இறுக்கமான உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக, கூட்டம் கூட்டமாக எங்களைக் கடந்து போனார்கள். அவர்களுக்கு, பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிவைத்த 'பிரெவே' என்றொரு கணக்கு இருக்கிறது: 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 600 என்றால் 40 மணி நேரம். முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. அந்தக் கூட்டத்தில் ஒரு தம்பி முட்டுக்காடு பாலத்தருகே நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். நண்பன் அவருடைய சைக்கிளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். விலை கேட்டான். கீழே வைத்தான். கோவளம் வரும்வரை பேசவில்லை.

பிறகு சொன்னான். "கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல, செயின் கவர் இல்ல, பெல்லு கூட இல்ல. ஒவ்வொண்ணாக் கழட்டிக் கழட்டி விலையை ஏத்தியிருக்கானுங்க மச்சான். நாம எல்லாத்தையும் மாட்டி வித்து நாசமாப் போனோம்."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கேரியர் இல்லாத சைக்கிளில் போகிறவருக்குப் பொழுதுபோக்கு. கேரியர் வைத்த சைக்கிளில் போகிறவருக்குக் கஷ்டகாலம். எங்கள் சைக்கிள்களில் கேரியர், அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய பை, பையின்மேல் காயப்போட்ட துண்டு. டோல்கேட்டில் மட்டும் எங்களுக்கு ராஜமரியாதை. கார்கள் வரிசையில் நிற்க, பாக்கெட்டில் கையை விடாமல் நண்பன் மணியடித்துக்கொண்டே கடந்தான். அந்தச் சுகத்துக்காகவே இன்னொரு டோல்கேட் எப்போது வரும் என்று கேட்டான்.

மாமல்லபுரத்துக்கு இப்பால் ஒரு டீக்கடையில்தான் அது ஆரம்பித்தது. கடைக்கார அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்கிருந்துப்பா வர்றீங்க?" என்றார். அம்பத்தூர் என்றோம். "ஏன், பஸ்ஸுக்குக் காசில்லையா?" நான் ஆரோக்கியம், காற்று, இயற்கை என்று ஏதோ தொடங்கினேன். அவர் முகத்தில் இரக்கம்தான் கூடிக்கொண்டே போனது. பின்னாலிருந்த பெரியவர் குறுக்கிட்டார்: "வேளாங்கண்ணிக்கு வேண்டுதலா?"

"ஆமாங்க" என்றான் நண்பன்.

கடையின் காற்றே மாறிவிட்டது. பெஞ்சில் இடம் கிடைத்தது. டீயோடு கேட்காத வடையும் வந்தது. காசு கொடுத்தபோது வடைக்கு வாங்க மறுத்துவிட்டார். பாண்டிச்சேரிக்குப் போகிறவனுக்கு இந்த மரியாதையை யார் கொடுப்பார்கள்? வெளியே வந்ததும் நண்பன் சொன்னான்: "உண்மைக்கு டீ மட்டும்தான் மச்சான். வேண்டுதலுக்கு வடை."

நம் ஊரில் தானாக உடம்பை வருத்திக்கொள்கிறவனை யாரும் சந்தேகப்படமாட்டார்கள், சாமிக்காக என்றால். வேறு எந்தக் காரணமும் செல்லாது. அதன் பிறகு ஊருக்கு ஊர் நண்பனின் வேண்டுதல் வளர்ந்தது. சதுரங்கப்பட்டினத்தில் அவன் தம்பிக்கு வேலை கிடைக்க. செய்யூர் பிரிவில் எனக்கு முதுகுவலி தீர. இந்த இரண்டாவது, மதியத்துக்குள் உண்மையாகியிருந்தது.

அன்று வேகமாகத்தான் போனோம். தான் கோட்டம் எடுத்த சக்கரத்தின் மகிமை என்று நண்பன் சொல்லிக்கொண்டே வந்தான். சாலையோரம் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் அந்தப் பெருமையை அப்படியே வாங்கிக் கீழே போட்டார். "வாடைக்காத்து தம்பி. தெக்கால போறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. திரும்புறப்ப தெரியும்." மார்கழி, தை மாதங்களில் இந்தக் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. சென்னையிலிருந்து தெற்கே போகிறவனின் முதுகை அது தள்ளிக்கொடுக்கும். திரும்புகிறவனின் நெஞ்சில் கை வைக்கும்.

கடப்பாக்கத்துக்குச் சற்று முன்னால் சீமைக்கருவேல முள் ஏறி என் பின்சக்கரம் உட்கார்ந்தது. ஆயிரக்கணக்கான சக்கரங்களை நிமிர்த்திய நண்பனுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியாது. "அது வேற டிபார்ட்மென்ட்" என்றான். தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பஞ்சர் கடையில், ஒரு பெரியவர் பைக்கின் டியூப்லெஸ் டயருக்குத் திரி செருகிக்கொண்டிருந்தார். சைக்கிளைக் கண்டதும் எழுந்தே விட்டார். உள்ளே போய், மேல்பலகையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒவ்வொரு பிடியாக முக்கினார். குமிழி வந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, மறுகையால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். சொலுஷனைத் தடவி வாயால் ஊதினார். வெட்டிய துண்டை ஒட்டியதும் சுத்தியால் இரண்டு தட்டு. பிறகு டயரின் உட்புறத்தைக் கையால் சுற்றிலும் வருடிப் பார்த்து, உடைந்து உள்ளேயே இருந்த முள்ளின் நுனியை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், பல் டாக்டர் பிடுங்கிய பல்லைக் காட்டுவதுபோல.

காசு வாங்கவில்லை. வேண்டுதல் விவரத்தை நண்பன் அதற்குள் சொல்லியிருந்தான். பெரியவரின் மனைவி உள்ளேயிருந்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயை அவன் கையில் வைத்தார். "மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திடுங்கய்யா. பேத்திக்குப் பன்னெண்டாவது பரீட்சை." நண்பன் என்னைப் பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன்.

இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர், பேரூராட்சிப் பலகையிலும் அதுதான். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். பசித்த பாணனுக்கு வள்ளல் நல்லியக்கோடனின் ஊருக்கு வழி சொல்லும் பாட்டு அது. வழியைவிடச் சாப்பாட்டுக்குத்தான் அதில் தெளிவு அதிகம்: எயிற்பட்டினத்தில் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் (கோட்டை இருக்கும் வேலூர் அல்ல) புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும். எயிற்பட்டினம் என்பது மரக்காணம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. பாணனிடமும் எல்லாரும் "பஸ்ஸுக்குக் காசில்லையா" என்கிற தொனியில்தான் பேசியிருப்பார்கள், யாழைப் பார்த்த பிறகு சோறு போட்டிருப்பார்கள். எங்களுக்கு யாழ் இல்லை, வேண்டுதல் இருந்தது. மரக்காணத்தில் மழைத்தண்ணீர் வடிந்த உப்பளப் பாத்திகளைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மெஸ்ஸில் மீன்குழம்பு கிடைத்தது. இரண்டாவது முறை ஊற்றியதற்குக் காசில்லை. நத்தத்தனார் பொய் சொல்லவில்லை.

பாண்டிச்சேரியில் வாக்குவாதம். போட்ட திட்டப்படி பயணம் அங்கேயே முடிந்துவிட்டது என்றேன் நான். ஐம்பது ரூபாயை மேசைமேல் வைத்து, "அந்தப் பொண்ணு பெயிலாப்போனா?" என்றான் அவன். 1923-இல் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். 1928-இல் சுற்றி முடித்தவர்கள் மூன்று பேர். அந்த விகிதப்படி எங்களில் ஒருவன் பாண்டிச்சேரியிலேயே கழன்றுகொள்ளலாம் என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவன் மேப்பைப் பார்த்து ஒன்று கண்டுபிடித்தான். வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில் காரைக்காலும் இருக்கிறது, அதுவும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. "பாரு, மாதாவே ரெண்டு தடவை பாண்டிச்சேரி வெச்சிருக்காங்க."

வழி நெடுக நான் பார்த்தவற்றில் பாதி கோட்டை, மீதி வைக்கோல். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன், ஆலம்பரையில் பிரெஞ்சுக்காரன், கடலூரில் ஆங்கிலேயன், பரங்கிப்பேட்டையில் போர்த்துக்கீசியன், தரங்கம்பாடியில் 1620-லேயே வந்த டென்மார்க்காரன். ஐரோப்பாவே வரிசையாகக் கடை விரித்த கரை இது. அத்தனை பேரும் சண்டை போட்டு எங்களுக்கு மிச்சம் வைத்தது மதியத்துக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியதையும் அச்சுக்கூடத்தையும் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நண்பன் தூங்கிவிட்டான், கோட்டையில் கிடைத்த பெஞ்சில் குப்புறப் படுத்து. மல்லாந்து படுக்க முடியாத நிலை இருவருக்குமே வந்திருந்தது. சீட்டைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை.

கொள்ளிடம் தாண்டியதும் நிலம் மாறியது. சம்பா அறுவடை. சாலையில் நெல் காய, வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று சில இடங்களில் வைக்கோலையும் பரப்பியிருந்தார்கள். பஸ் ஏறினால் நெல் உதிரும். சைக்கிள் ஏறினால் வைக்கோல் ஃப்ரீவீலில் சுற்றிச் சைக்கிள் நிற்கும். சீர்காழிப் பக்கம் ஒரு பாட்டி, நண்பன் வைக்கோல் பிடுங்குவதைக் கரையில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எடுத்ததை அந்தாண்ட போட்டுடாத, மாட்டுக்கு ஆவும்" என்றார்.

கடலூரிலிருந்தே ஒப்படைப்புகள் கூடிக்கொண்டு வந்தன. ஒருவர் கல்யாணம் கூடிவரக் கொடுத்த இருபது. பரங்கிப்பேட்டையில் சர்பத் போட்டுக்கொடுத்த பாய், "அப்படியே நாகூர் ஆண்டவருக்கும்" என்று இன்னொரு இருபது. திருக்கடையூரில் பூக்காரம்மா, "எந்தச் சாமியா இருந்தா என்ன, போட்டுடு" என்று பத்து. நண்பன் பட்டறை வழக்கப்படி எல்லாவற்றையும் நோட்டில் பெயர், ஊர், கோரிக்கை என்று பத்தி பிரித்து எழுதினான். பொய் சொல்லிக் கிளம்பியவன் கணக்கில் ஒரு ரூபாய் பிசக விடவில்லை. நாகூர் உண்டியலில் பாயின் இருபதைப் போட்டுவிட்டு, நோட்டில் டிக் அடித்த பிறகே செருப்பைத் தேடினான்.

வேளாங்கண்ணியில் மெழுகுவத்திகள் ஏற்றியாகிவிட்டது. பன்னிரண்டாவது படிக்கும் பேத்திக்கு மட்டும் பெரியதாக, மேற்கொண்டு அவன் கைக்காசு போட்டு. எதிர்க்காற்றில் திரும்புவதா என்ற பேச்சே எழவில்லை. சென்னைக்குப் போகிற சரக்கு வண்டி ஒன்றில் சைக்கிள்களோடு நாங்களும் ஏறிக்கொள்ளப் பேசியாகிவிட்டது. கோயில் முன்னால் இருந்த கடையில் காணிக்கைத் தகடுகள்: கை, கால், கண், வீடு, தொட்டில், கப்பல். நண்பன் ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

"என்ன வேணும்ணே?"

"முட்டி இருக்காம்மா?"

"முட்டி தனியா வராதுண்ணே. கால் முழுசா எடுத்துக்குங்க."

இரண்டு கால் எடுத்தான், எனக்கொன்று, அவனுக்கொன்று. காசு கொடுத்த பிறகும் நகரவில்லை. கடைக்குள் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டான். அந்தப் பெண் எங்களையும், சுவரில் சாய்த்திருந்த சைக்கிள்களையும், சைக்கிள் சீட்டுகளில் மடித்துக் கட்டியிருந்த போர்வைகளையும் பார்த்தார்.

"அந்த இடத்துக்கு இதுவரைக்கும் யாரும் வேண்டிக்கிட்டதில்லைண்ணே" என்றார். "சொல்லிட்டுப் போங்க, அடுத்த வாட்டி அடிச்சு வைக்கச் சொல்றேன்."